பூட்டு மருந்தாகாது

போதைக்கு அடிமையானவரை அவருடைய சம்மதம் இல்லாமல் கொண்டுபோய், வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வெளியேற முடியாத இடத்தில் வைத்துக் குணப்படுத்த முயல்வது கட்டாயச் சிகிச்சை. கொண்டுபோவது பொலிஸாக இருக்கலாம். குடும்பத்தார் பணம் கட்டி வரவழைத்த தனியார் மையத்து ஆட்களாகவும் இருக்கலாம். நீதிமன்றத்தின் கட்டளை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எல்லா வடிவங்களிலும் மாறாத கூறு ஒன்று: எப்போது வெளியே போவது என்பது உள்ளே இருப்பவர் கையில் இல்லை.

இலங்கையில் இதற்குச் சட்டமே உண்டு. போதைப்பொருளில் தங்கியிருப்போரின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007-ஆம் ஆண்டின் 54-ஆம் இலக்கச் சட்டம், நீதவானின் கட்டளையின் பேரில் ஒருவரைச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்ப வழிசெய்தது. அப்படி அனுப்பப்பட்ட பலர் போய்ச் சேர்ந்த இடம் பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காடு. அதை நடத்தியது புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகம். போர் முடிந்தபின் விடுதலைப் புலிகளின் முன்னாள் உறுப்பினர்கள் ஏறத்தாழ 12,000 பேரைத் தடுத்துவைத்துப் ‘புனர்வாழ்வு’ அளித்த அதே அமைப்பு. 2023 ஜனவரியில் புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் நிறைவேறி அந்த அமைப்புக்கு நிலையான சட்ட உருவம் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 17-இல் ‘யுக்திய’ என்னும் பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கியது. சில வாரங்களுக்குள் 29,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் படையினர் நடத்தும் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டதை ஐ.நா. மனித உரிமை வல்லுநர்கள் 2024 ஜனவரியில் கண்டித்தார்கள்.

உள்நாட்டில் அந்தக் கண்டனத்துக்குப் பெரிய எதிரொலி இல்லை. கசிப்பு என்னும் கள்ளச்சாராயமும் ‘ஐஸ்’ என்னும் மெத்தம்ஃபெட்டமைனும் ஹெரோயினும் புகுந்த வடபகுதி ஊர்களில் பெற்றோரே புனர்வாழ்வு நிலையம் வேண்டும் என்று கேட்கிறார்கள். பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம், டாஸ்மாக் மதுக்கடையிலிருந்து கணவனைத் தூக்கிவரவேண்டியிருக்கும் வீடுகளிலும் குரல் வேறல்ல: ‘பிடித்துக்கொண்டுபோய் அடைத்தால்தான் திருந்துவான்.’

இந்தக் கருத்தை அதன் வலுவான வடிவத்தில் எடுத்துக்கொள்வதே முறை. அதன் வாதம் நான்கு படிகளில் செல்கிறது. போதை மூளையின் தேர்வுத் திறனையே அரித்துவிடுகிறது. ஆகவே, சம்மதத்துக்குக் காத்திருப்பது நோயிடமே அனுமதி கேட்பதாகும். அடுத்தது, சில மாதங்கள் போதை கைக்கு எட்டாமல் இருந்தால் உடல் தெளியும், தெளிந்த மூளை நன்றி சொல்லும். மூன்றாவது, தாமாக விரும்பி வருகிறவர்கள் மிகக் குறைவு. காத்திருந்தால் ஆள் செத்துப்போவார், அதற்குமுன் வீட்டில் இருப்பவர்களை அடித்து நொறுக்குவார். கடைசியாக, அமெரிக்காவின் போதைப்பொருள் நீதிமன்றங்கள் முதல் மருத்துவர்களுக்கான கண்காணிப்புத் திட்டங்கள் வரை, வெளி நெருக்கடியால் சிகிச்சைக்கு வந்தவர்களும் தாமாக வந்தவர்களைப் போலவே குணமடைகிறார்கள். அமெரிக்காவின் தேசியப் போதைப் பழக்க ஆய்வு நிறுவனமே, சிகிச்சை பலன்தர அது தன்விருப்பமாக இருக்கவேண்டியதில்லை என்று தன் வழிகாட்டு நெறிகளில் எழுதியிருக்கிறது.

நான்கும் அற்ப வாதங்கள் அல்ல. ஆனால் நான்கும் சேர்ந்தும், வெளியேற முடியாத ஒரு கட்டடத்தை நியாயப்படுத்தப் போதுமானவை அல்ல.

1. தேர்வுத் திறன் உண்மையிலேயே அழிந்துவிடுகிறதா? அழிந்துவிட்டால், வாழ்நாளில் ஒருமுறை மதுவுக்கு அடிமையானவர்களில் பெரும்பாலோர் சாகும்வரை அப்படியே இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2001-02-இல் நடந்த பெரும் தேசிய ஆய்வின் தரவுகள் வேறு கதை சொல்கின்றன. முன்னொரு காலத்தில் மதுச் சார்பு இருந்தவர்களில், ஆய்வு நடந்த ஆண்டிலும் அதே நிலையில் இருந்தவர்கள் நான்கில் ஒரு பங்கினரே. சிகிச்சை என்று எதையாவது எப்போதாவது பெற்றவர்களும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர்தான். மீண்டவர்களில் பெரும்பகுதியினர் எந்த நிலையத்தின் வாசலையும் மிதிக்காதவர்கள்.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களின் வரலாறு இன்னும் கூர்மையானது. அங்கிருந்தபோது அவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஹெரோயினுக்கோ அபினுக்கோ அடிமையாகியிருந்தார்கள். 1971-இல் அரசு, ஊர் திரும்பும் முன் சிறுநீர்ச் சோதனையைக் கட்டாயமாக்கியது. லீ ராபின்ஸ் என்னும் ஆய்வாளர் அவர்களைப் பின்தொடர்ந்தபோது, அங்கே அடிமையாகியிருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐவர் அளவே. கட்டாயச் சிகிச்சையை ஆதரிப்போர் இதில் சிறுநீர்ச் சோதனையை மட்டும் எடுத்துக்காட்டுவதுண்டு. அந்தச் சோதனை அவர்களை மாதக்கணக்கில் அடைத்துவைக்கவில்லை என்பதையும், அவர்கள் விட்டுவந்தது ஹெரோயின் மலிவாகக் கிடைத்த போர்க்களம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கந்தக்காட்டிலிருந்து வெளியே வருபவர் திரும்பிப் போவதோ அதே தெருவுக்கு, அதே விற்பனையாளரிடம்.

தேர்வுத் திறன் போதையில் குலைகிறது, குறுகுகிறது, வேளைக்கு வேளை மாறுகிறது. காலையில் கைநடுக்கத்தோடு உட்கார்ந்திருப்பவர் எடுக்கும் முடிவு வேறு, மாலையில் எடுக்கும் முடிவு வேறு. சிறுநீர்ச் சோதனையில் போதை இல்லை என்று தெரிந்தால் சிறு தொகைக்கான சீட்டுத் தரும் சிகிச்சை முறை, கொக்கெய்ன் பழக்கத்துக்கு இன்றுள்ள வழிகளிலேயே வலுவான சான்று உடையது. விருப்பாற்றல் செத்துப்போன மனிதர் ஒரு சிறு பரிசுக்காகக் கொக்கெய்னை விடமாட்டார். குலைந்த திறனை ஊன்றுகோல் கொடுத்து நடக்கவைப்பதற்கும் அதை இல்லை என்று அறிவித்துப் பறிமுதல் செய்வதற்கும் இடையே உள்ள வேறுபாட்டில்தான் இந்த விவாதம் முழுவதும் தங்கியிருக்கிறது.

2. உள்ளே இருந்த காலத்தில் தொடவே இல்லை என்பது எதற்குச் சான்று? பூட்டு வேலைசெய்தது என்பதற்கு மட்டும். கட்டாய நிலையங்கள் தம் வெற்றியை உள்ளே அளக்கின்றன. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் காலம் முடித்துச் சான்றிதழ் பெற்றார்கள் என்பதோடு கணக்கு முடிகிறது. நோயின் கணக்கு வாசலுக்கு வெளியேதான் தொடங்குகிறது.

அதை முறையாக அளந்த நாடு மலேசியா. அங்கே 1983-ஆம் ஆண்டின் சட்டப்படி, போதைப் பழக்கம் உள்ளவரை இரண்டு ஆண்டுகள் வரை நிலையத்தில் அடைக்க இடமிருந்தது. 2010-லிருந்து அரசு அந்த நிலையங்களில் சிலவற்றை, விரும்பியவர் வந்து, அபின் வகைப் போதைக்கு மாற்று மருந்தான மெத்தடோன் பெற்றுப் போகும் திறந்த மையங்களாக மாற்றத் தொடங்கியது. ஒரே நாட்டில், ஒரே நிர்வாகத்தின் கீழ், இரண்டு முறைகளும் அருகருகே நடந்தன. அபின் வகைப் போதைக்கு அடிமையானவர்களை இரு பக்கமும் பின்தொடர்ந்து ஒப்பிட்ட ஆய்வு 2017-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளிவந்தது. கட்டாய நிலையத்திலிருந்து வெளிவந்தவர்கள் மீண்டும் போதையைத் தொட எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 31 நாள். தன்விருப்ப மையத்தில் இருந்தவர்களுக்கு 352 நாள். மாதக்கணக்கான அடைப்பு வாங்கித்தந்தது ஒரு மாதத்தை.

ஒரு நாட்டு ஆய்வை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பது சரியே. உலகெங்கும் நடந்த கட்டாயச் சிகிச்சை ஆய்வுகளைத் தேடித் தொகுத்த மீளாய்வு ஒன்று 2016-இல் வந்தது. தரத்தில் தேறியவை ஒன்பது. மூன்றில் பலன் எதுவும் தெரியவில்லை; இரண்டில் முடிவு தெளிவில்லை; இரண்டில் கேடு, அதாவது குற்றச் செயல் கூடியிருந்தது; மீதி இரண்டில் மட்டும் ஓரளவு நன்மை. ஒரு மாத்திரை இந்தத் தேர்ச்சியோடு வந்திருந்தால் எந்த மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியும் அதை அனுமதிக்கமாட்டார். கட்டாய அடைப்புக்கு அந்தத் தேர்வே வைக்கப்படுவதில்லை; அது மருந்து வாசல் வழியாக நுழைவதில்லை, பொலிஸ் வாசல் வழியாக நுழைகிறது.

3. ‘செத்துப்போவதைவிட அடைபட்டிருப்பது மேல்.’ கட்டாயச் சிகிச்சையின் மிக உருக்கமான வாதம் இது, மிக ஆபத்தான பிழையும் இதில்தான் இருக்கிறது. ஹெரோயின் போன்ற அபின் வகைப் பொருள்களை நாள்தோறும் எடுக்கும் உடல் அதற்குப் பழகி, பிறரைக் கொல்லும் அளவையும் தாங்கிக்கொள்கிறது. சில வாரம் நிறுத்தியதும் அந்தத் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது. வேட்கை இறங்குவதில்லை. வெளியே வந்த முதல் சில நாள்களில் பழைய அளவை எடுப்பவருக்கு மூச்சு நின்றுபோகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2007-இல் வெளியானது. விடுதலைக்குப் பிந்திய முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் அபாயம் அம்மாநிலத்தின் பிற மக்களைவிட ஏறத்தாழ 13 மடங்கு. போதை மிகையால் இறக்கும் அபாயம் 129 மடங்கு. சிறையைச் சிகிச்சையோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ‘பிரிவு 35’ என்னும் சட்டம், குடும்பத்தார் மனுச்செய்தாலே ஒருவரை 90 நாள் வரை கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்த மாநிலத்தின் பொதுச் சுகாதாரத் துறை 2016-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கட்டாயச் சிகிச்சை பெற்றிருந்தவர்கள் அபின் வகைப் போதை மிகையால் இறந்த வீதம், தன்விருப்பச் சிகிச்சை மட்டுமே பெற்றிருந்தவர்களின் வீதத்தைப்போல் 2.2 மடங்கு.

இதற்கு ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு: மிக மோசமான நிலையில் இருப்பவர்களைத்தானே நீதிமன்றத்துக்கு இழுத்துப்போகிறார்கள், அவர்கள் கூடுதலாக இறப்பதில் வியப்பென்ன? வியப்பில்லைதான். அந்த 2.2 மடங்கு முழுவதையும் கட்டாயத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் காப்பாற்றுவதற்கென்றே கொண்டுவரப்பட்ட ஏற்பாடு தான் காப்பாற்றுவதைக் காட்டியாக வேண்டும். மெத்தடோன் அதைக் காட்டியிருக்கிறது: பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட கணக்கில், மெத்தடோன் எடுத்துவரும் காலத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 11 பேர் இறந்தார்கள், விட்டபின் 36 பேர். உலகச் சுகாதார அமைப்பு மெத்தடோனையும் அதே வகை மருந்தான புப்ரெனார்பினையும் 2005-லேயே இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. இவை கட்டாய நிலையங்களில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மருந்து கொடுப்பது போதைக்குப் பதில் போதை என்று அங்கே கருதப்படுகிறது. அங்குள்ள சிகிச்சை என்பது வெறும் நிறுத்தம், உடற்பயிற்சி, அறிவுரை. தாங்குதிறனைச் சுத்தமாக இறக்கிவிட்டு, பாதுகாக்கும் மருந்து எதுவும் கொடுக்காமல், ஒரு குறிப்பிட்ட தேதியில் வாசலைத் திறந்துவிடும் முறையை உயிர்காப்பு என்று அழைப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

மதுவில் அபாயம் வேறு முனையில் இருக்கிறது. நாள்பட்ட குடிநோயாளி சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், சன்னி பிடிக்கலாம். தயமின் ஊசியும் டயஸெபாம் போன்ற மருந்தும் மருத்துவரின் கண்காணிப்பும் இல்லாவிட்டால் உயிர் போகலாம். இரவோடிரவாக வண்டியில் ஏற்றி, மருத்துவர் இல்லாத வாடகை வீட்டில் இறக்கும் மையங்களில் அந்த மூன்று நாள்தான் மிகக் கொடியது. வீட்டுக்குள்ளேயே நடக்கும் கட்டாயச் சிகிச்சை ஒன்றும் உண்டு: குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் டைசல்ஃபிராம் மாத்திரையைக் கலப்பது. அந்த மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரும், இரத்த அழுத்தம் சரியும்; இதய நோய் உள்ளவர் இறந்தும் போகலாம். நோயாளி விவரமறிந்து சம்மதித்து எடுத்தால் பயனுள்ள மருந்து அது. தெரியாமல் கொடுத்தால் அதன் பெயர் வேறு.

4. மோசமான மையங்களை மூடிவிட்டு நல்ல மையங்களைத் திறந்தால் போதாதா? இந்தக் கேள்விக்குக் கந்தக்காடு ஒரு பதில், சுவீடன் இன்னொரு பதில்.

கந்தக்காட்டில் 2020 ஜூலையில் கொரோனா தொற்று வெடித்துப் பரவியது. தொற்றியவர் எண்ணிக்கை சில நாள்களில் நூற்றுக்கணக்கில் போனது. 2022 ஜூன் இறுதியில் அங்கு அடைபட்டிருந்த ஒருவர் இறந்தார். கலவரம் மூண்டது, நூற்றுக்கணக்கானோர் வேலியைத் தாண்டி ஓடினார்கள், மரணம் தொடர்பாகப் படையினர் சிலர் கைதானார்கள். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, மனித உரிமைச் செயற்பாட்டாளர் அம்பிகா சற்குணநாதன் எழுதி, சர்வதேசத் தீங்கு குறைப்பு அமைப்பு ஒன்று வெளியிட்ட அறிக்கை, இத்தகைய நிலையங்களில் அடி உதையும் மருத்துவக் கவனிப்பின் இன்மையும் இருப்பதைப் பதிவுசெய்திருந்தது. விபத்து என்று தள்ளிவிட முடியாத ஒழுங்கு இதில் இருக்கிறது. வெளியேற முடியாதவரிடம் சிகிச்சை தோற்றால் நிலையம் இழப்பது எதுவுமில்லை. நாளைக்கும் அவர் அங்கேதான் இருப்பார். திறந்த மருத்துவமனையில் மோசமாக நடத்தப்பட்டவர் மறுநாள் வரமாட்டார். அந்த வராமைதான் மருத்துவமனையை நேர்மையாக வைத்திருக்கிறது. வியட்நாமில் 2010 வாக்கில் 120-க்கும் மேற்பட்ட கட்டாய நிலையங்களில் ஏறத்தாழ 40,000 பேர் இருந்தார்கள். ‘உழைப்புச் சிகிச்சை’ என்ற பெயரில் அவர்களில் பலர் முந்திரிக்கொட்டை உடைத்தார்கள். 2012 மார்ச்சில் ஐ.நா.வின் 12 அமைப்புகள் ஒன்றுசேர்ந்து, இத்தகைய நிலையங்களைத் தாமதமின்றி மூடும்படி எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டன. அந்தப் பன்னிரண்டில் உலகச் சுகாதார அமைப்பும் உண்டு, போதைப்பொருள் ஒழிப்பைத் தன் முக்கியப் பணியாகக் கொண்ட அலுவலகமும் உண்டு.

அப்படியானால் பணமும் சட்டமும் நல்ல மருத்துவர்களும் உள்ள நாட்டைப் பார்க்கலாம். சுவீடனில் நிர்வாக நீதிமன்றத்தின் ஆணையோடு ஆறு மாதம் வரை கட்டாயப் பராமரிப்புக்கு அனுப்பலாம். மேல்முறையீடு உண்டு, சட்ட உதவி உண்டு, அடி உதை இல்லை. அங்கும், வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் இறப்பு அபாயம் உயர்ந்து நிற்பதை 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. நல்ல உணவும் சுத்தமான படுக்கையும் இந்தப் பொறியின் அந்தப் பல்லை மழுக்கவில்லை.

5. அமெரிக்க மருத்துவர்கள் குணமாகிறார்களே? ஆகிறார்கள். போதைக்கு அடிமையாகிக் கண்காணிப்புத் திட்டத்தில் சேர்ந்த 904 மருத்துவர்களைப் பற்றிய ஆய்வில், ஐந்து ஆண்டுக் கண்காணிப்பில் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்கு ஒரு சோதனையிலும் போதை தென்படவில்லை. போதைச் சிகிச்சை வரலாற்றிலேயே இதற்கு இணையான எண்கள் அரிது. ஆனால் அங்கே நடப்பது என்ன? மருத்துவரை யாரும் வேலிக்குள் அடைக்கவில்லை. ‘சோதனைக்கு ஒத்துக்கொண்டால் உரிமம் உண்டு, இல்லையேல் இல்லை’ என்ற நிபந்தனை. மறுக்கும் உரிமை அவரிடமே. இழப்பதற்குப் பெரிய வேலை, திரும்புவதற்கு வீடு, ஐந்து ஆண்டு நீளும் உயர்தரக் கவனிப்பு. இதைக் காட்டி மன்னாரில் ஒரு கடற்றொழிலாளியை ஆறு மாதம் அடைப்பது சரி என்று வாதிடுவோர், அவருக்கு அந்த மூன்றில் எதைத் தரப்போகிறார்கள்?

போதைப்பொருள் நீதிமன்றங்களைப் பற்றியும் இதையே சொல்லலாம். 1989-இல் மயாமியில் முதலாவது தொடங்கியது. 2012-இல் வந்த தொகுப்பாய்வு, அவை மீள்குற்ற வீதத்தை 50 விழுக்காட்டிலிருந்து 38 விழுக்காடு அளவுக்குக் குறைப்பதாகக் கண்டது. இது மெய்யான பலன். ஆனால் ஏற்கெனவே குற்றம் செய்து தண்டனையை எதிர்நோக்கி நிற்பவருக்குச் சிறையா, சிகிச்சையா என்ற தேர்வு அங்கே தரப்படுகிறது. எந்தக் குற்றமும் செய்யாமல், நோயாளி என்பதற்காகவே அடைபடுகிறவரின் நிலை அதுவல்ல. அந்த நீதிமன்றங்களிலும் பல, மெத்தடோன் எடுப்பவரைச் சேர்க்க நெடுங்காலம் மறுத்தன. நீதிபதி மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்தால் இதுதான் நடக்கும். முன்னே சொன்ன தேசியப் போதைப் பழக்க ஆய்வு நிறுவனத்தின் வழிகாட்டு நெறி பேசுவதும் நெருக்கடியைப் பற்றியே: வேலை போய்விடும், மனைவி போய்விடுவாள், வழக்கு நிற்கிறது என்ற நெருக்கடி. போதைச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் அநேகமாக எல்லோரும் ஏதோ ஒரு நெருக்கடியால்தான் வருகிறார்கள். அதிலிருந்து பூட்டுக்குத் தாவ எந்த ஆய்வும் பாலம் போட்டுத்தரவில்லை.

6. தாமாக யாரும் வருவதில்லை என்று யார் சொன்னது? வருகிறவர்களுக்குக் கதவு இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இந்திய அரசுக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர். மதுச் சார்பு உள்ளவர்களில் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்தவர் 38 பேரில் ஒருவர். உள்நோயாளியாக இடம் கிடைத்தவர் 180 பேரில் ஒருவர். இலங்கையில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் தங்குசிகிச்சை நிலையங்கள் நெடுங்காலமாகக் கொழும்பு, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களைச் சுற்றியே இருந்தன. கிளிநொச்சியில் மகனுக்கு உதவி தேடும் தாய்க்கு அருகில் இருந்தது பொலிஸ் நிலையம்.

கதவு திறந்தால் என்ன ஆகும் என்பதைப் பஞ்சாப் காட்டியிருக்கிறது. 2017 இறுதியிலிருந்து அங்கே புறநோயாளியாகவே வந்து புப்ரெனார்பின் மாத்திரை பெறும் மருந்தகங்கள் திறக்கப்பட்டு, சில ஆண்டுகளில் 500-ஐத் தாண்டின. லட்சக்கணக்கானோர் தாமாக வந்து பதிவுசெய்துகொண்டார்கள். அத்திட்டத்திலும் ஓட்டைகள் உண்டு; மாத்திரைகள் கைமாறி விற்கப்படுவது உண்மை, மருந்தோடு ஆலோசனை போதுமான அளவு சேரவில்லை. ஆனால் ‘போதைக்காரன் தானாக வரமாட்டான்’ என்ற வாக்கியம் அந்த வரிசைகளில் நின்றவர்கள்முன் செல்லுபடியாகாது. ஒரு கட்டாயப் படுக்கைக்குச் சுவரும் காவலும் மூன்று வேளைச் சோறும் மாதக்கணக்கில் வேண்டும். அதே பணத்தில் எத்தனையோ புறநோயாளிகளைக் கவனிக்கலாம். வர விரும்புவோரை வெளியே நிறுத்திவிட்டு, விரும்பாத ஒருவருக்குப் படுக்கை ஒதுக்கும் கொள்கையை இரக்கம் என்று சொல்ல இடமில்லை.

7. அதிகாரம் போதைக்காரரோடு நின்றுவிடுமா? 2022-இல் இலங்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தின் முதல் வடிவம், போதைப்பொருளில் தங்கியிருப்போரோடு முன்னாள் போராளிகளையும், வன்முறைத் தீவிரவாதக் குழுவினரையும், ‘வேறு எந்தக் குழுவினரையும்’ ஒரே கயிற்றில் கட்டியது. உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்மானித்தது. பெயர்கள் சில நீக்கப்பட்ட பிறகே சட்டம் நிறைவேறியது. புனர்வாழ்வு என்ற போர்வைக்குள் யாரை நுழைக்க விரும்பினார்கள் என்பது முதல் வரைவிலேயே அச்சாகிவிட்டது. வடக்கிலும் கிழக்கிலும் இந்தச் சட்டத்தை வரவேற்போர் அந்த வரைவை ஒருமுறை எடுத்துப் படிப்பது நல்லது.

8. அப்படியானால் இன்றிரவு அடிவாங்கும் பெண் என்ன செய்வாள்? கட்டாயச் சிகிச்சையை எதிர்ப்போர் வழக்கமாக நழுவும் இடம் இது. நழுவக் கூடாத இடமும் இதுதான். அடி ஒரு குற்றம். குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும் குற்றம். அதற்குக் குடும்ப வன்முறைச் சட்டமும் பாதுகாப்புக் கட்டளையும் இருக்கின்றன. அடித்தவரைச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புவது அந்தக் குற்றத்தை நோயாக மாற்றி, ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்குச் சான்றிதழோடு திருப்பி அனுப்புவதாகும்.

உயிருக்கே ஆபத்து என்னும் நிலை இருந்தால், இந்தியச் சட்டத்தில் குறுகிய வழி ஒன்று ஏற்கெனவே உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப் பயன்பாட்டோடு சேர்ந்த மனநிலைகளையும் மனநோயின் வரையறைக்குள் வைத்திருக்கிறது. 89-ஆம் பிரிவின்படி, ஒருவர் தன்னைத் தாக்கிக்கொள்ள முயன்றாலோ, பிறர்மீது வன்முறை காட்டினாலோ, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருந்தாலோ, அவருடைய நியமனப் பிரதிநிதி கேட்டுக்கொள்ள, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து ஒத்துக்கொண்டால் 30 நாள் வரை சேர்க்கலாம். மீளாய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அங்கே முறையிடலாம். பதிவுபெறாத மையம் இதைச் செய்யவே முடியாது. அதன் நோக்கம் கண்முன் நிற்கும் ஆபத்தைத் தணிப்பது. ஆளை மாற்றி வார்ப்பது அதன் வேலை அல்ல. நெருக்கடிக்கு இந்த அளவு போதும். இதற்குமேல் கேட்பவர்கள், அந்த 31-ஆம் நாளில் எந்த மருத்துவ நன்மை தொடங்குகிறது என்று காட்டவேண்டும்.

ஆபத்து இல்லை, ஆனால் வரவும் மறுக்கிறார்: பெரும்பாலான வீடுகளின் நிலை இதுதான். இங்கே குடும்பத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை என்பது தவறான தகவல். குடிப்பவரைத் தொடாமல் குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுக்கும் முறை ஒன்று அமெரிக்காவில் உருவாகிச் சோதிக்கப்பட்டிருக்கிறது. குடிக்காத வேளையில் பேச்சும் சோறும் சிரிப்பும். குடித்த வேளையில் விலகல். குடியின் விளைவுகளை மறைத்துக் கழுவாமல் விடுதல். அவரே ‘இனி முடியாது’ என்று சொல்லும் அந்த ஒரு காலையில், கையில் தயாராக மருத்துவமனை நேரம். சிகிச்சையை அடியோடு மறுத்த குடிநோயாளிகளின் உறவினர் 130 பேரை வைத்து 1999-இல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் தம் ஆளைச் சிகிச்சைக்கு வரவைத்தார்கள். உறவினரெல்லாம் கூடி ஆளை நடுவில் உட்காரவைத்துத் திடீரென்று நெருக்கும் முறையில் அது 30 விழுக்காடு. அந்தப் பயிற்சிக்கு வேலியும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு ஆலோசகரும், வாரத்துக்கு ஒரு மணி நேரமும், மூன்று நான்கு மாதமும் போதும்.